செக்கரம்மா சிரித்த மாதம்

பஸ்ஸில் யார் டிக்கெட் செக்கரைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, அவர்களிடம் டிக்கெட் இருக்காது. பத்தொன்பது வருஷம் டிக்கெட் சோதித்ததில் செக்கரம்மா கண்ட உண்மை இது. டிக்கெட் வைத்திருப்பவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி எரிச்சலாக அதை நீட்டுவான். பல்லைக் காட்டுகிறவன்தான் பையைத் துழாவுவான். அதனால் அவளும் யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை. கண்டக்டர்கள் தனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருப்பது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

அந்த வருஷ மருத்துவச் சோதனையில் ரத்த அழுத்தம் எகிறி நின்றது. டாக்டர் மாத்திரை எழுதினார்.

"ஒரு மாசம் பாப்போம். குறையலைன்னா பஸ் வேலை கிடையாது. தொலைஞ்ச சாமான் ரூம்லதான் போடுவாங்க."

ஜன்னலில்லாத அந்த அறையில் ஒற்றைச் செருப்புகளுக்கும் குடைகளுக்கும் காவலிருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

"இன்னொண்ணு. தினம் நாலு பேரைப் பாத்து சிரிங்கம்மா. மூஞ்சி இறுக்கம் விட்டா மனசும் கொஞ்சம் இறங்கும்."

மாத்திரை போதாதா? இவரிடம் யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வேலையாச்சே.

மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தாள். அவர் வாயிலிருந்த பிரஷ்ஷை எடுத்தார்.

"என்ன, உங்கண்ணன் வந்து தங்கப் போறாரா?"

"சும்மாதாங்க சிரிச்சேன்."

"எத்தனை நாளைக்குன்னு மட்டும் சொல்லிடு."

பஸ்ஸில் இன்னும் மோசம். அவள் சிரித்ததும் ஆளாளுக்குப் பையை இறுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் டிக்கெட்டோடு அடையாள அட்டையையும் மருந்துச் சீட்டையும் சேர்த்து நீட்டினார். மூன்றாவது சீட்டில் ஆறு வருஷமாகப் பாஸோடு வரும் தையல்காரம்மா மட்டும் பதிலுக்குச் சிரித்தாள். செக்கரம்மாவுக்குச் சுருக்கென்றது. பாஸை வாங்கித் தேதி பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டாள்.

"நான்தாங்கக்கா அது. கொஞ்சம் குண்டாயிட்டேன், அதுக்கும் தனி டிக்கெட்டா?"

செக்கரம்மாவையும் மீறிக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. இது டாக்டருக்காக வந்த சிரிப்பு இல்லை. தோள்பட்டை லேசானதுபோல் இருந்தது. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் தையல்காரம்மா பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். செக்கரம்மா சீட் ஈரமா என்று தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் பேசினார்கள். அது வழக்கமாயிற்று. கண்டக்டர்கள்கூட வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். எதை மறைக்கிறார்களோ என்று அவர்கள் கணக்கு அட்டையை இரண்டு தடவை பார்த்தாள். அந்த வாரமே இளித்துக்கொண்டு நின்ற ஒருவனிடம் டிக்கெட் இல்லை. அதில் அவளுக்கு ஒரு தனி நிம்மதி.

மாதம் முடிந்தது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினார். அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது.

"பாத்தீங்களா? சிரிச்சதும் வேலை செஞ்சிருக்கு."

"மாத்திரையும்தான் முழுங்கினேன். இன்னொரு தடவை பாருங்க டாக்டர்."

பார்த்தார். இன்னும் இரண்டு குறைந்திருந்தது. பஸ் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செக்கரம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையெழுத்து இருந்தது. தேதி இல்லை, சீலும் இல்லை.

டாக்டரைப் பார்த்து நிதானமாகச் சிரித்தாள். அவர் பதறிப்போய் மேஜை டிராயரைத் திறந்தார்.