பெட்டியின் முதுகில் இல்லாத விளக்கு

முனிராஜு போய்விட்ட செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பால் வண்டி ஓட்டுநர். காலை எட்டு மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. நான் கால்நடை மருந்துக் கிடங்கின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். வழக்கமாகக் கையசைத்துவிட்டுப் போகிறவர் அன்று வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

“அண்ணா, நம்ம முனிராஜு வண்டி சூளகிரி தாண்டி லாரியில அடிபட்டுருச்சுங்க. ஆளைக் கிருஷ்ணகிரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வழியிலயே போயிட்டாருன்னு சொல்றாங்க.”

“பெட்டி?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “பெட்டிக்கு ஒண்ணும் ஆவலைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முனிராஜுவை அறிந்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஒரு நல்ல மனிதனின் சாவுச் செய்திக்கு என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்து அழுதது அதற்குப் பிறகு. எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடுகளுக்கு வெக்கை என்னும் கொள்ளைநோய் வராமல் ஊசி போடுவது முனிராஜுவின் வேலை. ஊசி மருந்தைக் கெடாமல் வைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். சூடு பட்டால் வெறும் தண்ணீர். பெங்களூரிலிருந்து மரத்தூளில் புதைத்து வரும் பனிக்கட்டியை, உள்ளே தகடு அடித்த தேக்குப் பெட்டியில் நிரப்பி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்து, அலுவலக மோட்டார் சைக்கிளின் பின்னால் வாரால் கட்டிவிடுவேன். அவர் இருள் பிரியும்போது கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பர்கூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார். மாட்டிடம் தெலுங்கு, கடைக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்த வண்டி பட்டாளத்தில் உழைத்துக் களைத்து எங்களிடம் வந்தது. முன்விளக்கு இருந்தது, அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும் என்று நான் கேலி செய்வேன். மார்கழிப் பனியில் சூளகிரி மேட்டில் இரண்டு முறை பள்ளத்தில் இறங்கி எழுந்து வந்தார். கடைசியில் மேலிடம் மனமிரங்கி, வேண்டிய சாமான்களை வாங்கிப் பூட்டிக்கொள்ளச் சொன்னது. இருவரும் பெங்களூர் போனோம்.

கடைக்காரர் மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பினார். தட்டு மாதிரி இரண்டு பெரிய விளக்குகள், மஞ்சள் கண்ணாடி போட்ட பனி விளக்கு, மின்சார ஹாரன், பக்கக் கண்ணாடி, கால் காக்கும் கம்பி. எனக்கு எல்லாமே வேண்டும் போலிருந்தது. வண்டியைக் கல்யாண மாப்பிள்ளையாக்கி ஓசூருக்கு ஓட்டிவர ஆசை. முனிராஜு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது யாருக்குங்க?” என்று கேட்டார். கடைக்காரர் விழித்தார். முனிராஜு என்னிடம் திரும்பி, “வெளிச்சம் ரெண்டு விதங்கண்ணா. நாம பாக்கறதுக்கு ஒண்ணு, நம்மளைப் பாக்கறதுக்கு ஒண்ணு. எல்லாரும் மொதல் விதத்தைத்தான் வாங்கிட்டுப் போறாங்க,” என்றார். பெரிய விளக்குகளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறு வோல்ட் டைனமோவில் அவற்றை மாட்டினால் பேட்டரி பாதி வழியில் படுத்துவிடும் என்று விளக்கினார். “ஒத்த மாட்டுல ரெண்டு ஏர் கட்டுனா உழவு ஆவுங்களா?” கடைசியில் பனி விளக்கு ஒன்று, ஹாரன் ஒன்று வாங்கினோம். தன் பங்குக்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிவப்பு விளக்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பூட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பனி விளக்கை நான் உயரத்தில் வைக்கச் சொன்னேன். உயரத்தில் இருந்தால்தானே தூரம் தெரியும். மேலே வைத்தால் பனி அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும் என்று அவர் சொல்லி, முன்சக்கரத்து மட்கார்டுக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பூட்டினார். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக் கொட்டகையின் வெள்ளைச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி வெளிச்சத்தின் மட்டம் பார்த்தோம். பின்னால் பெட்டியின் கனம் இருக்க வேண்டும் என்றார். “கனம் ஏறுனா வண்டி மூக்கைத் தூக்கும்ங்கண்ணா. காலி வண்டியில மட்டம் வெச்சா வெளிச்சம் காக்கா கூட்டுக்குத்தான் போவும்.” பெட்டியை எடுத்துவரக் கேட்டார். விளையாட்டுக்கெல்லாம் பெட்டியைத் தர முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அதற்கு ஈடாகத் தவிட்டு மூட்டையைக் கட்டினோம். சுவரில் திடீரென்று மஞ்சள் வட்டம் விழுந்ததும் கொட்டகைக்குள் இருந்த காளை கட்டுத்தறியைப் பிடுங்கப் பார்த்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்துதான் அவர் மறுபடி திருகாணியைத் தொட்டார்.

அன்றே பின்விளக்கையும் பார்த்தோம். இருபது அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தவிட்டு மூட்டைக்குக் கீழே சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. “தெரியுது,” என்றேன்.

ஹாரன் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கெலமங்கலம் சாலையில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் அதை அழுத்தியிருக்கிறார். மாடுகள் மிரண்டு, வண்டியோடு ராகிக் கொல்லைக்குள் இறங்கிவிட்டன. ஓட்டி வந்த பெண் இறங்கி, இடுப்பில் கை வைத்து, “நிதானவாகி ஹோகப்பா,” என்றாளாம். மெதுவாகப் போ என்றாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் மறந்திருப்பார். அப்படிச் சொன்னது அவரைக் குடைந்துவிட்டது. மறுநாளே மின்சார ஹாரனைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, அழுத்தினால் வாத்து மாதிரி கத்துகிற ரப்பர் ஹாரனை மாட்டிக்கொண்டார். எதிரே மாட்டு வண்டி வந்தால் பனி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் ஓரமாக நின்று வழிவிடுகிற ஒரே மோட்டார்க்காரர் எங்கள் பக்கத்தில் அவர்தான். இதை உங்களில் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அவர் போவதற்குப் பத்து நாள் முன்பு, கிளம்பும் நேரத்தில் அந்தச் சிறிய சிவப்பு விளக்கைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

“அண்ணா, பனிக்கட்டி ரொப்புனா பெட்டி நாலு விரக்கடை எறங்குதுங்க. அன்னிக்குக் கட்டுன மூட்டை வேற, பெட்டி வேற. பின் லைட்டை மறைக்குதோன்னு தோணுது. பெட்டி முதுகுல இதை வெச்சுரலாமுங்களா? ரெண்டு தொளைதான்.”

“பெட்டியில தொளையா? குளிரெல்லாம் போயிரும். மருந்து செத்துதுன்னா யாரு பதில் சொல்றது?”

“மெழுகு வெச்சு அடைச்சுரலாமுங்க.”

“ஆவாது முனிராஜு.”

நான் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. “தெரியுது, கெளம்பு,” என்றேன். அவர் விளக்கைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சரிங்கண்ணா, பெட்டி உங்க பொறுப்பு,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

விபத்தன்று நடந்தது இதுதான். பனியில் பின்னால் வந்த லாரி, கடைசி நொடியில் அவரைக் கண்டு ஒதுங்கியது. அதன் பக்கம் ஹேண்டிலில் பட்டது. முனிராஜு தூக்கியெறியப்பட்டுப் பாலத்துக் கல்லில் விழுந்தார். வார் அறுந்து பெட்டி ராகித் தாளில் உருண்டு கிடந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. அன்றைக்கே வேறொருவர் அதைப் பேருந்தில் எடுத்துப்போய், பர்கூரில் காத்திருந்த மாடுகளுக்கு ஊசி போட்டார்.

லாரி ஓட்டுநர் போலீசில் சொன்னது ஒரே வாக்கியம்: “பின்னாடி லைட்டே இல்லீங்க.” யாரும் நம்பவில்லை. வண்டியைப் பார்த்தார்கள், பின்விளக்கின் கண்ணாடிகூட உடையாமல் இருந்தது, கம்பியைத் தொட்டதும் எரிந்தது. இடித்துவிட்டுப் பொய்யும் சொல்கிறான் என்று ஊரே அவரைத் தூற்றியது. நானும் சேர்ந்து தூற்றினேன். சாவு எடுப்பு முடிந்த மாலையில் முனிராஜுவின் மனைவி ருக்மிணி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

“பெட்டி முதுகுல பெரிய செவப்பு லைட்டு வெச்சாச்சு, பயப்படாதன்னு பத்து நாளு முன்னதான் சொன்னாருங்கண்ணா. அது கூடவா அந்தப் பாவிக்குத் தெரியல?”

வீட்டுக்காரி பயப்படக் கூடாது என்று அவர் சொன்ன பொய் அது. என்னைக் காட்டிக்கொடுக்காத பொய்யும்கூட. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் தீவன லாரி வந்து நின்றது. போலீசார் திருப்பிக் கொடுத்திருந்த முனிராஜுவின் வண்டியை அதற்கு முன்னால் தள்ளி நிறுத்தி, பெட்டியில் பனிக்கட்டி நிரப்பி, எப்போதும் போலப் புது வாரால் கட்டி, பின்விளக்கை எரிய விட்டேன். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சிவப்புக் கோடு தெரிந்தது. பிறகு லாரியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மாடு பார்க்கிற உத்தியோகம் எங்களுக்கு; மாட்டின் கண் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் இருந்தே எதையும் பார்த்துப் பழகிவிட்டோம். லாரியின் மேல் ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முனிராஜுவுக்குத் தோன்றியது.

அன்றே காவல் நிலையம் போய் எழுதிக் கொடுத்தேன். ஓட்டுநர் சொன்னது உண்மை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்து, செய்திருக்கக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். பெட்டியின் முதுகில் இரண்டு துளை போட்டு, திருகாணி முடுக்கி, மெழுகு வைத்து அடைத்தேன். காலையில் பனிக்கட்டி நிரப்பி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் மூடியைத் திறந்து பார்த்தால், எப்போதும் மிஞ்சுகிற அளவு அப்படியே மிஞ்சியிருந்தது. கொஞ்சமாவது கூடுதலாகக் கரைந்திருக்கக் கூடாதா என்று அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ருக்மிணியிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் பிடித்தது. மத்திகிரியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் போய், எதையும் மறைக்காமல் சொன்னேன். விளக்கு வைத்தாயிற்று என்றுதானே அவர் சொன்னார் என்று ருக்மிணி கேட்டார். வைக்கவில்லை அம்மா, நான் விடவில்லை என்றேன். பிறகு கேட்டார்.

“எவ்ளோ பெரிய தொளைங்கண்ணா?”

சுண்டுவிரல் நகத்தில் பாதியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“அந்த லாரிக்காரருகிட்ட சொன்னீங்களா, அவரு பொய் சொல்லலைன்னு?”

“போலீசுல எழுதிக் குடுத்துட்டேன்ம்மா.”

“போலீசு வேற. அவருகிட்டப் போயிச் சொல்லுங்க. நான் அவரைப் பாவின்னு சொல்லிட்டேன். அதையும் சேத்துச் சொல்லுங்க.”

மறுநாள் கிருஷ்ணகிரி போனேன். பழையபேட்டையில் ஒரு சின்ன வீடு. அந்த மனிதர் அன்றிலிருந்து லாரியைத் தொடவில்லை என்று அவர் வீட்டார் சொன்னார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தை மூடிக்கொண்டார். “எல்லாரும் சொல்லிச் சொல்லி, லைட்டு இருந்துச்சு, நாந்தான் பாக்கலைன்னு எனக்கே ஆயிப்போச்சுங்க. தூக்கத்துல கூடச் செவப்பாத் தெரியுதுங்க,” என்றார். இல்லை, உங்கள் கண்ணில் குறையில்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

முனிராஜுவின் நினைவாக எதை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவருடைய பொறுமையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டிக்கு ஒதுங்கி நின்ற தன்மையை, மூன்று மொழியிலும் மெதுவாகப் பேசிய அந்தக் குரலை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குற்றத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். விதி என்றோ, பனி என்றோ, பாவம் அந்த லாரிக்காரர் என்றோ சொல்லி என்னிடமிருந்து இதை வாங்கப் பார்க்காதீர்கள். அவர் என்னிடம் கேட்டது இரண்டு துளை. நான் தரவில்லை.