பெஞ்சுகளைத் திருப்பிப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பந்தல்குடி ரோட்டில் ஒரு லேஅவுட்டில் பிளாட் விற்கும் வேலையில் இருந்தேன். ஞாயிறுதோறும் அருப்புக்கோட்டையிலிருந்து இலவச வேன். சைட்டில் பந்தல், தக்காளிச் சாதம். சாப்பாட்டுக்கு முன் நான் பேச வேண்டும். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று ஞாயிறு போயிற்று. சாதம்தான் தீர்ந்தது, பிளாட் தீரவில்லை.

"ஏம்ப்பா, இன்னைக்கும் ஒரு அட்வான்ஸ் வரலேன்னா இனி நீ வர வேணாம்" என்றார் முதலாளி. வீட்டில் அப்போது கைக்குழந்தை.

வேன் வருமுன் பெஞ்சுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். யோசனை ஒன்றும் இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வேனின் முன் சீட்டுக்குச் சண்டை போட்டபடியே இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் டவுனில் பலசரக்குக் கடைக்காரரின் மனைவி. மற்றவர் மல்லாங்கிணற்றில் பருத்தி போடும் குடும்பத்துக்காரர். இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. "இங்க பஸ் ஸ்டாப்பு வரும்..." என்று தொடங்கினேன். யாரும் திரும்பவில்லை. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம்தான் முறைப்பது? கடைக்காரம்மா, எதிரே இருந்தவர் முழங்காலை நீவுவதைப் பார்த்தார்.

"மூட்டு வலியா?"

"அதுக்குத்தானக்கா முன் சீட்டுக் கேட்டேன். காலை நீட்டலாம்ல."

"மொதல்லயே சொல்லலாம்ல. நானும் அதுக்குத்தான் மல்லுக்கட்டுனேன்."

சாப்பாடு முடிவதற்குள் பேச்சு தைலத்தில் தொடங்கி மருமகள்கள் வரை போய்விட்டது. பிறகு கடைக்காரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, இந்தப் பொட்டக்காட்டுல பக்கத்து பிளாட்டுக்கு யாரு வாரா?"

பாதி விற்றாகிவிட்டது என்று சொல்லும்படி முதலாளி உத்தரவு. எனக்கு வாய் வரவில்லை.

"இன்னும் யாரும் வாங்கலைங்கம்மா."

முதலாளி தலையில் கை வைத்தார்.

கடைக்காரம்மா எதிரே திரும்பினார். "நீ வாரியா? நீ வந்தா நானும் வாரேன்."

"அவுகளக் கேக்கணும்க்கா."

"அங்க பாரு, கேக்குற நெலமையிலயா இருக்காக?"

இரண்டு வீட்டுக்காரர்களும் வேலிக்கருவை நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இருவரும் அவர்களை எழுப்பி, விஷயத்தைச் சொன்னார்கள். சம்மதம் கேட்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு பிளாட்டுக்கு அட்வான்ஸ் வந்தது.

அடுத்த ஞாயிறு முதலாளியே பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டார். தன் யோசனை என்று எல்லாரிடமும் சொன்னார். வேலை நிலைத்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குச் சிரமமும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிளாட் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பக்கத்தில் யார் என்று. அவர்கள் பேசட்டும், நடுவே போகாதீர்கள். அந்த இரண்டு வீடுகளும் இன்றும் இருக்கின்றன. நடுவில் நிற்கும் வேப்பமரம் யாருடையது என்ற சண்டை ரோடு வரை கேட்கும்.