பொழுதுபட விளக்கு வைத்தது யார்?

கனடாவின் கல்கரியில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் யாரும் என்னிடம் எந்த ஊர் என்று கேட்பதில்லை. இருக்கச் சொல்வதில்லை, தேத்தண்ணி வேண்டுமா என்பதுமில்லை. கதவைத் திறந்த கையோடு இழப்பைக் காட்டுகிறார்கள். இந்தக் கம்பளத்தைப் பார், அந்தச் சோபாவைப் பார், இந்தச் சுவரை முகர்ந்து பார் என்று, நான் குனிந்து சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறையை மாட்டி முடிப்பதற்குள் பாதி வீட்டின் துயரத்தை என் தலையில் இறக்கிவிடுவார்கள். முதல் மாதங்களில் எனக்கு இது பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது. அவர்கள் என்னை விருந்தாளியாகப் பார்க்கவில்லை, சேதம் பார்க்க வந்தவளாகப் பார்க்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. அதுதான் என் வேலையும்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த வேலையை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். காப்புறுதி செய்த வீட்டில் தீப்பிடித்தாலோ குழாய் வெடித்தாலோ கம்பனி உடனே காசைத் தூக்கிக் கொடுத்துவிடாது. ஓர் ஆளை அனுப்பும். அந்த ஆள் போய்ப் பார்த்து, விசாரித்து, படம் எடுத்து, நடந்தது என்ன, ஒப்பந்தப்படி இதற்கு நட்டஈடு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவரை இங்கே அட்ஜஸ்டர் என்கிறார்கள். நான் செய்கிற இடத்தில் லைசன்ஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே முடியாது. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருக்கும் அம்மாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வெள்ளத்துக்கு எங்கட விதானையார் பாக்க வாற மாதிரித்தானே புள்ள?" என்றார். விதானையார் என்று ஊரில் நாங்கள் சொல்வது கிராம சேவகரை. சிரித்துவிட்டேன். ஆனால் என் வேலையை அதைவிடச் சரியாக இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு மார்கழி. மழை விடாமல் பெய்து, வாவி பொங்கி, அது கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டி விடுவதற்குள் எங்கள் வளவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. சமைக்கிற குசினியின் சுவர் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. வெள்ளம் வடிந்த பிறகு விதானையார் குடையும் கையுமாக வந்தார். அப்பா வாவியில் வலை போடுகிறவர், யாரிடமும் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுப் பழகாதவர். வந்தவரை இருத்தி, இளநீர் வெட்டிக் கொடுத்து, அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, பிள்ளைகள் சுகமா என்று ஆற அமர விசாரித்தார். கடைசியில் விதானையார், "உங்களுக்கு ஏதும் சேதம் கிடக்கா?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்டுமில்ல ஐயா. உங்கட கரைச்சலுக்குள்ள எங்கட கதை என்னத்துக்கு?" என்றார் அப்பா.

விதானையார் நிம்மதியாக எழும்பிப் போய்விட்டார். நாலு எட்டு வைத்து வீட்டின் பின்பக்கம் பார்த்திருந்தால் சுவர் விழுந்து கிடந்தது தெரிந்திருக்கும். அம்மா அன்று போட்ட சத்தம் பக்கத்து வளவு வரைக்கும் கேட்டது. அந்தச் சுவர் இருந்த இடத்தில் பல வருடம் தென்னோலைக் கிடுகுதான் நின்றது. எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் சீக்கிரம் தணிந்துவிட்டது, அவர் சுபாவம் அது. விதானையாரின் மேல் வந்த கோபம்தான் தணியவில்லை. சேதம் பார்க்க வருகிறவருக்குக் கேட்கவும் தெரிய வேண்டும், எழும்பிப் போய்ப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

இந்தப் 'பெருசா ஒண்டுமில்ல' என்ற வியாதி என்னோடு விமானம் ஏறிக் கனடாவுக்கும் வந்தது. மட்டக்களப்பு ரவுனில் ஒரு லீசிங் கம்பனியின் கவுண்டரைத் தனியாளாகச் சமாளித்தவள் நான். கல்கரியில் முதல் நேர்முகப் பரீட்சையில், உனக்கு என்ன நன்றாக வரும் என்று கேட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, சொல்லித் தந்தால் செய்வேன் என்றேன் அடக்கமாக. அவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள்! ஆகவே ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரிக்கப் போனேன். அங்கே ஒருநாள் மேல்மாடிக் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியபோது, ஒரு பெண் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, மூலை முடுக்கெல்லாம் புகுந்து, எங்கள் ஒவ்வொருவரிடமும் நின்று நிதானமாகக் கேள்வி கேட்டாள். அவள் போகிற வரைக்கும் நான் துடைப்பத்தோடு அவள் பின்னாலேயே திரிந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

பிறகு படிப்பு. ஹோட்டலின் துணி மடிக்கும் அறையில், ரயிலில், சோறு வேகும் அடுப்படியில் என்று அந்தத் தடித்த புத்தகங்களைக் காவித் திரிந்தேன். இழந்தவரை இழப்புக்கு முந்திய நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பதுதான் அவற்றின் சாரம். படிக்கும் போதெல்லாம் எங்கள் குசினிச் சுவர் கண்ணுக்குள் நின்றது. பரீட்சை முடிந்து திரையில் 'பாஸ்' என்று விழுந்ததும் வெளியே ஓடிவந்து, பனி கொட்டும் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கத்தினேன். ஒரு வயதான வெள்ளைக்காரர் ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார். முதல்படி லைசன்ஸ் என் முழுப்பெயரோடு வந்தது. அந்தச் செய்தி ஊரில், 'ஆரையம்பதிப் புள்ள கனடாவில விதானையாம்' என்று பரவியது. அம்மா அதைத் திருத்தவேயில்லை.

முதல்படி லைசன்ஸ்காரர் எழுதும் முடிவை மேலே ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எனக்கு ஹெதர். பேச்சில் சிக்கனம், வேலையில் நேர்மை. ஒரு தை மாதக் குளிரில் அவர் ஒரு கோப்பினை என்னிடம் நீட்டி, இந்தப் பெயரை உன்னாலாவது சொல்ல முடியுமா என்றார். யோகராசா. பிறந்த ஊர் பழுகாமம். எங்கள் வாவியின் மறுகரையில் இருக்கிற ஊர்.

"இவரை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஹெதர்.

"தெரியாது. ஆனால் ஐந்து நிமிடம் கதைத்தால் எப்படியும் சொந்தக்காரராகிவிடுவார்."

ஹெதர் சிரிக்கவில்லை. "அப்படியானால் நான்கு நிமிடம் கதை" என்றார்.

விஷயம் இதுதான். யோகராசா குடும்பம் ரொறன்ரோவில் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு கிழமை போயிருந்தது. திரும்பி வருவதற்கு முந்திய இரவு வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் நின்றுவிட, மேல்மாடிக் குழாய் உறைந்து வெடித்தது. காலையில் வந்து கதவைத் திறந்தால் குசினிக் கூரையிலிருந்து அருவி. இங்கே ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: குளிர்காலத்தில் வீட்டை விட்டுப் பல நாள் போனால், தினமும் ஒருவர் வந்து வீட்டில் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் ஒரு சதமும் இல்லை. முதலில் தொலைபேசியில் விசாரித்தவர், சூட்டைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று கேட்டிருக்கிறார். யாரும் வரவில்லை சேர் என்று யோகராசா சொல்லியிருக்கிறார். "அவருடைய வாயாலேயே சொல்லிவிட்டார். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, மறுத்து எழுது" என்றார் ஹெதர்.

கோப்பு மறுக்கப்பட்டால் அந்த வீட்டை விற்பதைத் தவிர யோகராசாவுக்கு வேறு வழியில்லை. ஆதாரமில்லாமல் என் ஊரவர் என்று சாய்ந்தால் என் லைசன்ஸ் போய்விடும், போகவும் வேண்டும். ஆனால் சரியாகப் பார்க்காமல் மறுத்தால், பின்பக்கம் போய்ப் பார்க்காத விதானையாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நான் போனபோது பொழுது சாயும் நேரம். யோகராசா வாசலுக்கே வந்தார், ஐம்பது கடந்தவர், பேக்கரியில் வேலை. "வா புள்ள, குளிருக்குள்ள நிக்காத. எந்த ஊர்?"

"ஆரையம்பதி."

"ஆர்ர மகள்?"

நான்கு நிமிடம் ஞாபகத்துக்கு வந்தது. "அத மறுகா கதைப்பம் அண்ணே. முதல்ல வீட்டக் காட்டுங்க."

"பெருசா ஒண்டுமில்ல புள்ள. கொஞ்சத் தண்ணிதான்."

நிமிர்ந்து பார்த்தேன். குசினிக் கூரையில் இருந்த ஓட்டை வழியாக மேல்மாடிக் குளியலறை தெரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேனையை எடுத்து, அவர் சொன்னதை விட்டுவிட்டு என் கண் கண்டதை எழுதத் தொடங்கினேன்.

அப்போது அவருடைய மனைவி தங்கேஸ்வரி அக்கா முகம் கழுவிவிட்டு வந்து, நடைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணகியம்மன் படத்துக்கு முன்னால் மின்விளக்கைப் போட்டுக் கும்பிட்டார். கூரை பிளந்து கிடக்கிற வீட்டிலும் அந்தக் காரியம் தவறவில்லை. பொழுதுபட்டால் வீடு இருட்டிக் கிடக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எவரும் சொல்லிக் கொடுத்துப் படிக்கிற விஷயமில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் என் வாயில் அந்தக் கேள்வி வந்தது.

"அக்கா, நீங்க ரொறன்ரோ போயிரிக்கக்குள்ள பொழுதுபட இந்த விளக்க ஆரு வைச்ச?"

"ஐயோ, இருட்டிக் கிடக்க விடுவமா புள்ள? நிசார் நானாதான் வந்து வைச்சவர்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம், ஒரு நாளும் தவறல்ல. வைச்சிட்டு எனக்குப் படம் அனுப்போணும் எண்டு சொல்லித்தான் வீட்டுத் திறப்பக் குடுத்த."

நான் படிக்கட்டில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டேன். "அண்ணே, போனில கேட்டவருக்கு ஏன் இதச் சொல்லல்ல?"

யோகராசா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவர் ஹீற்றரப் பாக்க ஆரும் வந்ததா எண்டுதானே கேட்டார். அதுக்கெண்டு ஒருத்தரும் வரல்ல. சாமிக் காரியத்தக் கொண்டுபோய் இன்சூரன்சில சொல்லுறதா புள்ள?"

அக்காவின் கைபேசியில் ஒவ்வொரு மாலையும் இருந்தது. அம்மன் படம், எரியும் விளக்கு, அதற்குப் பக்கத்தில் அதே சுவரில் வீட்டுச் சூட்டைக் காட்டும் சின்னப் பெட்டி, அதில் பளிச்சென்று இலக்கம். கடைசி மாலைப் படத்திலும் வீடு கதகதப்பாகவே இருந்தது.

அது போதாது என்று நிசாருடன் பேசினேன். காத்தான்குடி முஸ்லிம், அங்கே அண்ணனை நானா என்பார்கள்; பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். "மகரிப் தொழுதிட்டு, கடையப் பூட்டிட்டு வருவன் தங்கச்சி. சுவிச்சப் போட்டு, படம் எடுத்து அனுப்பிட்டுப் போவன்" என்றார்.

"வீடு குளிருதா எண்டு பாத்தீங்களா?"

"அதென்ன பாக்கிற? அங்க சாமிப் படம் இரிக்கி. சப்பாத்தையும் சொக்சையும் வாசலில கழட்டிட்டு வெறுங்காலோடதான் உள்ளுக்குப் போவன். நிலம் குளிர்ந்தா முதல்ல என்ட காலுக்கெல்லோ தெரியும்? குளிர்ந்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பனா?"

ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் எல்லை எங்கே என்று தெரியாதவருக்குக் காட்டுவது கடினம். ஆனால் தமிழர்களும் முஸ்லிம்களும் அந்த எல்லையைத் தாண்டப் பயந்த காலத்தில் வளர்ந்தவள் நான். அதே மண்ணைச் சேர்ந்த ஒருவர் கல்கரியின் பனியில் நடந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தான் கும்பிடாத அம்மனுக்கு விளக்கு வைத்திருக்கிறார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

ஹெதருக்கு இதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு தனிக்கதை. நிசாருக்குச் சம்பளமா? இல்லை. உறவா? இல்லை. ஒரே மதமா? இல்லை. பிறகு ஏன் தினமும் வந்தார்? விளக்கு வைக்க. ஹெதர் படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். நிசாரைத் தானே கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளர் வைத்து விசாரித்தார். கடைசியில் கோப்பை மூடி, "தினமும் ஒருவர் வந்தார், வீட்டில் சூடு இருந்ததை அறிந்தார். ஒப்பந்தம் கேட்பது அவ்வளவுதான். ஏன் வந்தார் என்று அது கேட்கவில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். யோகராசாவின் வீடு முழுதாகத் திருத்தப்பட்டது. இப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும், 'நீங்கள் இல்லாதபோது வேறு எந்தக் காரியத்துக்காவது யாராவது வீட்டுக்கு வந்தார்களா?' என்று கட்டாயம் கேட்கிறார்கள். பூனைக்குச் சாப்பாடு வைக்க, பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற, பியானோ பழக என்று பதில்கள் வருகின்றன. அந்தக் கேள்வி ஆரையம்பதியிலிருந்து போனது. அடுத்தபடி லைசன்ஸும் எனக்குக் கிடைத்துவிட்டது. இனி என் முடிவுக்கு நானே கையெழுத்திடுவேன். இதைப் 'பெருசா ஒண்டுமில்ல' என்று சொல்ல மாட்டேன். பெரிய விஷயம்தான்.

இதை ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். மார்கழி, வாவி நிறைந்து கிடக்கிறது. குசினிக்கு என் உழைப்பில் எழுந்த கல்சுவர் இருக்கிறது, அப்பா அதில் சாய்ந்துகொண்டு வலை பொத்துகிறார். விடியற்காலையில் தேத்தண்ணியோடு பின்வாசலில் நின்றபோது கைபேசி வெளிச்சம் போட்டது. அங்கே அப்போதுதான் பொழுதுபட்டிருக்கும். கல்கரியில் என் வீட்டுச் சுவர், என் அம்மன் படம், எரியும் விளக்கு, பக்கத்தில் சூட்டுப் பெட்டியின் இலக்கம். கீழே நிசார் நானா, 'நிலம் குளிரல்ல தங்கச்சி' என்று எழுதியிருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, புதிய குசினியின் சீமெந்து நிலத்தில் வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். அடுப்பு மூட்டியிருந்த இடம். இதுவும் குளிரவில்லை.