செய்யாத பாவத்துக்கு ஓர் அறிக்கை

முதலில் வந்தது இரத்தம் அல்ல, வாடை.

எங்கள் ஊரில் வாடை புதிதில்லை. பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் கழிவுக் குட்டை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கொஞ்ச நாள் ஆலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மத்தியானம், ரவாங்கில் நான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையின் கழிப்பறையில் என் உள்ளாடையைப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீரின் நிறத்தில் ஒரு கசிவு. வாடை என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

எனக்கு மாதவிலக்கு நின்று வெகுநாளாகியிருந்தது. இது ஏதோ சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். பஞ்சு மாற்றினேன், பவுடர் போட்டேன். பிஸ்கட் அடுக்கும் இடத்தில் என் பக்கத்தில் நின்றவள், "என்ன வாடை இது?" என்று மாவை முகர்ந்து பார்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து முகர்ந்து பார்த்தேன். இரத்தம் வந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன்.

இதைப் படிக்கும் பெண்கள் யாருக்காவது அப்படி ஒரு சொட்டு வந்தாலும் போய்விடுங்கள். ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள், போய்விட்டு வந்தும் ஜெபம் பண்ணுங்கள். ஆனால் போங்கள்.

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். கருப்பை வாயில், அதாவது கருப்பையின் கீழ் முனையில், புற்றுநோய். பக்கத்துச் சதைக்கும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சை சரிவராது, கதிர் சிகிச்சையும் கீமோவும்தான் என்றார் மருத்துவர். இளம் மலாய்ப் பெண். என்னை 'புவான்', அதாவது அம்மணி, என்று மரியாதையாக அழைத்து மலாயில் நிதானமாகப் பேசினார்.

"எனக்கு எப்படி இது வந்தது?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் ஒரு வைரஸ்தான் காரணம், புவான். உடலுறவு வழியாகப் பரவுவது. நிறையப் பேருக்கு வந்து தானாகவே போய்விடும். சிலருக்கு வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும்."

"யாரிடமிருந்து வந்திருக்கும்?"

"அதை யாராலும் சொல்ல முடியாது. எப்போது வந்தது என்றும் சொல்ல முடியாது. இதை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், உங்களையும் சேர்த்து."

என் கணவர் சாமுவேல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறையைக் காட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஆண் அவர் ஒருவர்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கல்யாணமான புதிதில் பல நாள் வீட்டுக்கே வரமாட்டார். பிறகு இரட்சிக்கப்பட்டார், குடியை விட்டார், எங்கள் சபையில் மூப்பர் ஆனார். கடைவீட்டு மாடியில் கூடும் சின்னச் சபை எங்களுடையது. ஒவ்வொரு வருஷமும் சபையின் ஆண்டு விழாவில் அவருடைய சாட்சி இருக்கும். "நான் பாவச் சேத்துல கெடந்தவன்" என்று ஆரம்பிப்பார். குடி வரும், சண்டை வரும். மூன்றாவதாக ஒன்று வரவேண்டிய இடத்தில், "மத்ததெல்லாம் கர்த்தருக்குத் தெரியும்" என்பார். சபை கைதட்டும். நானும் கைதட்டியிருக்கிறேன்.

நோயைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம். கிருபா, என்னோடு ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யாருக்கும் சொல்லமாட்டேன் அக்கா" என்றாள். மறுநாள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பு வந்தது. என் பெயர் இல்லை. "நம் மத்தியில் ஒரு சகோதரி, பெண்களுக்கு வரும் புற்றுநோய், வரக்கூடாத வழியில் வந்தது, மனந்திரும்புதலுக்காக ஜெபிப்போம்" என்று இருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. கீமோ அப்போது இன்னும் ஆரம்பிக்கவில்லை.

கதிர் சிகிச்சை வாரநாள் எல்லாம் இருந்தது. வலிக்காது என்றார்கள், மேசையில் படுத்திருக்கும்போது வலிக்கவும் இல்லை. பிறகுதான் உள்ளே வெந்தது. வயிற்றுப்போக்கு. சிறுநீர் மிளகாய்த் தண்ணீர்போல எரிந்தது. தொடையிடுக்கில் தோல் கறுத்து உரிந்தது. கீமோ அன்று நாக்கில் இரும்புச் சுவை. சோறு வேகும் வாசனைக்கே ஓங்கரித்தேன். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி என் கூடவே நகர்ந்தது. என் உடம்பை ஒரு அழுக்குத் துணிபோல விரல் நுனியால் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

சபையிலிருந்து யாரும் கஞ்சி கொண்டுவரவில்லை. பாஸ்டர் வந்தார், இன்னொரு மூப்பரோடு. ஜன்னலோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். வாடைக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"சிஸ்டர், கர்த்தர் காரணமில்லாம யாரையும் தொடமாட்டாரு. உள்ள ஏதாவது மறைவா இருந்தா தொறந்துடுங்க. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல, எல்லார் முன்னாலயும். அறிக்கை பண்ண நிமிஷமே நாங்க எல்லாரும் கை வச்சு ஜெபிக்கிறோம்."

"என்ன மறைவு, பாஸ்டர்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

கூட வந்த மூப்பர் பரிவாகத் தலையை ஆட்டினார். அந்தப் பரிவுக்குள் ஒரு ஆவல் இருந்தது. என்ன, எப்போது, யாரோடு என்று கேட்கத் துடிக்கும் ஆவல். டாக்டர்கள் என் கால்களை அகட்டிவைத்துப் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு கூசவில்லை. சாமுவேல் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது, ரவாங் தாண்டிக் காரை ஓரம் கட்டச் சொன்னேன். கதவைத் திறந்து புல்லில் வாந்தி எடுத்தேன். தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டே சாமுவேல் சொன்னார்:

"ஏதாவது ஒன்னு சொல்லிடேன், புஷ்பம்."

"என்ன சொல்ல?"

"என்னமோ ஒன்னு. கல்யாணத்துக்கு முன்னால, சின்ன வயசுலன்னு சொல்லு. யார் போயி கேக்கப்போறா? சொல்லிட்டா முடிஞ்சிடும் லா. எல்லாரும் பழையபடி வருவாங்க."

நான் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். பயம்தான் இருந்தது. என் நோயைப் பற்றிய பயம் அல்ல அது.

இனி எழுதுவதைச் சொல்ல எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் அந்தப் பொய்யைச் செய்து பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு மனதுக்குள் ஒரு பையனை உண்டாக்கினேன். நான் பிறந்த தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வராதவன். அவனுக்கு ஒரு சைக்கிள்கூடக் கொடுத்தேன். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு அந்தக் கைகள் வேண்டியிருந்தன. தலைமேல் நாலு பேர் கை வைத்து, "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று இருந்தது. ஆறு வாரமாக ஊசி போடுகிறவர்களைத் தவிர யாரும் என்னைத் தொடவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. எழுந்து நின்று, "என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. அதையும் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடமிருந்து என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னால், கிருபா செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிறர்மேல் சொல்லக்கூடாது என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறோம். என்மேல் நானே சொன்னாலும் அது பொய்ச்சாட்சிதான். அதை ஆண்டவர் காலடியில் வைத்து, அதற்கு மேல் அவர் சுகத்தை ஊற்ற வேண்டும் என்று கேட்பதா? அவரை நான் அவ்வளவு மலிவாக நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். பாய் விரித்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், காது மட்டும் திறந்திருந்தது. பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்தார்.

"நீங்க நெனைக்கிற பாவம் எங்கிட்ட இல்ல" என்றேன். "வேற பாவம் நெறைய இருக்கு. அதெல்லாம் அவர்கிட்ட சொல்லிட்டேன். சொகம் கெடைக்கும்னு சொல்லி செய்யாதத செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். ஜெபிக்க விருப்பம் இருந்தா ஜெபிங்க."

பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு, இருதயக் கடினத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஜெபித்தார். யாரும் கை வைக்கவில்லை. எனக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது, எழுந்து போனேன். அங்கே உட்கார்ந்து அழுதேன். ஆண்டவர் பக்கத்தில் இருந்ததாக உணர்ந்தேன் என்று எழுத ஆசைதான். எதையும் உணரவில்லை. பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

ஞாயிறு பள்ளிக்கு இனி ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக உள்கதிர் சிகிச்சை (கருவியை உடலுக்குள் வைத்துக் கதிர் கொடுப்பது). அசையாமல் கிடக்க வேண்டும். அது முடிந்த வாரம், ஒரு காலையில், சாமுவேல் என் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"நானாத்தான் இருக்கும், புஷ்பம். லோரி ஓட்டுன காலத்துல. ஒருத்தி இல்ல."

எனக்கு அதிர்ச்சியே இல்லை. அந்த வருஷங்களில் அவர் கழற்றிப்போட்ட சட்டைகளைத் துவைத்தவள் நான்.

"ஆண்டவர் அப்பவே மன்னிச்சிட்டாரு" என்றார்.

"அவர் மன்னிச்சாரு, சரி. எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். கேட்டார். மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிவதும் செய்வதும் ஒன்றல்ல. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மன்னிக்கிறேன், மறுநாள் அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. அந்தச் செய்தி எப்படிப் போனதோ, பாஸ்டர் போன் பண்ணினார். குரலில் தேன்.

"ஸ்தோத்திரம், சிஸ்டர். ஆண்டு விழாவில நீங்க சாட்சி சொல்லணும். சபை உபவாசம் பண்ணி ஜெபிச்சதுக்குக் கெடைச்ச பதில் இது."

"சொல்றேன், பாஸ்டர். எந்த ஆஸ்பத்திரி, என்ன வைத்தியம், எனக்கு வந்தது என்ன வைரஸ், அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது, எல்லாத்தையும் சொல்றேன்."

"அவ்வளவு வேண்டாம், சிஸ்டர். சுருக்கமா, கர்த்தர் தொட்டாருன்னு."

"அப்ப வேண்டாம், பாஸ்டர்."

போனை வைத்தபின் கையை உடையில் துடைத்துக்கொண்டேன்.

ஆண்டு விழாவுக்குப் போனேன், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துக் கடைசி வரிசையில். சபையை விடாதது ஏன் என்று கேட்கிறார்கள். ஆண்டவரை அவர்கள் வீட்டுச் சொத்தாக விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. வழக்கம்போலச் சாமுவேலைக் கூப்பிட்டார்கள். போனார். மைக்கைப் பிடித்தபடி நின்றார். "பாதி சாட்சிதான் இத்தன வருஷமா சொல்லிட்டு இருந்தேன். மீதிய சொல்ல இன்னும் தைரியம் வரல. அதுவரைக்கும் நான் சொல்றது சரியில்ல" என்றார். மூப்பர் பதவியையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. எனக்கு அது போதவில்லை. ஆனால் அன்று அவருடைய தோள் என் தோளில் பட்டபோது நகர்ந்து உட்காரவில்லை.

என் உடம்பு பழையபடி ஆகவில்லை. உள்பாதை சுருங்கி ஒட்டிப்போகாமல் இருக்க ஆஸ்பத்திரியில் ஒரு வழவழப்பான குழாய் கொடுத்திருக்கிறார்கள். அதை வாரத்தில் சில முறை நானே வைத்துக்கொள்ள வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். முதலில் அருவருத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது கண்ணைத் திறந்துவைத்துச் செய்கிறேன். வெளியே கிளம்பினால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்க்கிறேன். சுகமாகிவிட்டதா என்று கேட்டால், "இப்போதைக்கு ஒன்றுமில்லை, புவான்" என்கிறார் டாக்டர். முன்பெல்லாம் ஒரு கிறிஸ்துமஸிலிருந்து அடுத்த கிறிஸ்துமஸ்வரை திட்டம் போடுவேன். இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைவரை. ஜெபமும் அந்த அளவுக்குத்தான் கேட்கிறது.

நான் தனி அறையில் படுக்கிறேன். சாமுவேல் சில நாள் மாலையில் வந்து கதவைத் தட்டுகிறார். முன்பு அவர் தட்டியதில்லை. சில நாள் திறக்கிறேன். வந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிடுகிறார். சில நாள், "இன்னைக்கு வேணாம்" என்கிறேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.