ஹோமா, புரொஃபெஷனலா?

போர் உச்சத்தில் இருந்த காலத்தில் நானும் மனைவியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையும் பாதிச் சமையலறையுமாகக் குடியிருந்தோம். எனக்கு வேலை கொட்டாஞ்சேனையில், துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியில் கணக்கெழுதுவது. வழியெல்லாம் சோதனைச்சாவடிகள். பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, பிறந்த ஊரைச் சொல்லி, அங்கே பிறந்தது என் யோசனையல்ல என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி ஏறவேண்டும். வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

"எழுதும். ஆனா நினைச்ச நேரம் நான் இஞ்சயிருந்து உம்மட கம்ப்யூட்டருக்குள்ள வந்து பார்க்க வேணும்" என்றார்.

அதற்காகத்தான் பம்பலப்பிட்டியில் விண்டோஸ் விலை விசாரிக்கப் போனோம். நடைபாதையில் கள்ளப் பிரதி ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்குக் கிடைத்தது. ஊரே அதைத்தான் வாங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன், பெயரெழுதாத சீடியோடு சாவடியில் பிடிபட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று தன் ஓட்டைச் சிங்களத்தில் விளக்குவதை எண்ணிப் பார்த்தேன். பதிப்புரிமைச் சட்டத்தை இந்த நாட்டில் நெஞ்சார மதித்தவர்கள் நாங்கள்தான்.

கடைக்காரர் இரண்டு அசல் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஹோம், எங்கள் ஒரு மாத வாடகை. புரொஃபெஷனல், ஒன்றரை மாத வாடகை.

"என்ன வித்தியாசம்?" என்று மனைவி கேட்டாள்.

"ஹோம்ல நீங்க வெளிய போகலாம் மிஸ். வெளிய இருந்து யாரும் உள்ளுக்கு வர ஏலா."

அவள் அந்தப் பெட்டியைக் கையிலெடுத்துக்கொண்டாள். போன கிழமைதான் எங்கள் அறையைச் சோதனை போட்டவர்கள் அரிசி வாளிவரை கிளறிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, இதையே எடுப்பம்."

"முதலாளி உள்ள வரவேணுமெல்லோ?"

"அவருமோ? இனி ஆர் மிச்சம்?"

புரொஃபெஷனலை வாங்கினேன்.

முதல் நாள் காலை, அயர்ன் பண்ணிய சட்டையோடு படுக்கைக்குப் பக்கத்தில் வேலையைத் தொடங்கினேன். சற்று நேரத்தில் திரை தானாகப் பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்தால் உள்ளே இருப்பவர் வெளியே நிற்கவேண்டும் என்பது புரொஃபெஷனலின் சட்டமாம். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"என்ன நடந்தது?" என்றாள் மனைவி.

"சேர் வந்திருக்கிறார்."

அவள் சட்டென்று ஹவுஸ்கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. "என்ன ஐசே, எவ்வளவு நேரமாப் பாக்கிறன், ஒண்டும் அசையேல்ல. நித்திரையோ?"

"சேர், நீங்கள் உள்ள நிக்கிறியள். நீங்கள் வெளிக்கிட்டாத்தான் நான் வேலை செய்யலாம்."

"நான் வெளிக்கிட்டா நீர் வேலை செய்யிறீர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஒன்றரை மாத வாடகைக்கு வாங்கிய பெட்டியில் இதற்குப் பதில் இருக்கவில்லை.

"உது சரிவராது. நாளைக்கு ஒஃபிசுக்கே வாரும்" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

திரை பூட்டியபடியே கிடந்தது. மனிதர் வெளியேற மறந்துவிட்டார். கடவுச்சொல்லைத் தட்டி நான் உள்ளே போகலாம்தான். போனால் முதலாளி வெளியே தள்ளப்படுவார். அந்தத் துணிவு எனக்கு வரவில்லை. பின்னேரம்வரை என் கம்ப்யூட்டருக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.