அந்த ஒரு ‘ஓம்’

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருக்கிறது. இணையத்தில் நாலைந்து வீடியோ பார்த்த தைரியத்தில் அதைத் திருத்த இறங்கினேன். ஒரு பின்னேரம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது. இதுதான் சமயம் என்று பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு வயர் கழன்று தொங்கியது. மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டேன்.

“இந்த வயரக் கொஞ்சம் விலக்கிப் பிடி புள்ள.”

“பிளக்கக் கழட்டினீங்களா?”

“ஓம்.”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்ட்தான் இல்லையே என்ற நினைப்பு.

அவளுடைய ஈரக் கை பெட்டிக்குள் நுழைந்தது. வயரைத் தொட விரலளவு தூரம் இருக்கும்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு தொடங்கியது. அங்கே ஒலிபெருக்கிக்கு பேட்டரி உண்டு. வாங்கு கேட்டால் தலையை மூடும் வழக்கப்படி அவள் சட்டென்று கையை எடுத்து முக்காட்டை இழுத்துப் போட்டாள்.

அதே நேரம் தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுழல ஆரம்பித்தது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் கையை உள்ளே நீட்டினாள். அந்தக் கையில் ஓங்கி அடித்தேன். அவள் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கையில், மேசைக்குப் பின்னால் பாய்ந்து அவளுக்குத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினேன்.

வாங்கு முடிந்ததும், “ஏன் அடிச்ச நீங்க?” என்றாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

ரேடியோ இப்போது நன்றாகப் பாடுகிறது. “இந்தப் பெட்டிக்காகத்தான் என்ட கையில அடிச்ச நீங்க” என்று அவள் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த ‘ஓம்’ பொய் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.