வெடி வெடிக்காத படுகை

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. ஓலை விசிறிகளை நூறு பேர் ஒன்றாக மெல்ல அசைப்பதுபோல ஒரு சத்தம். சித்திரை வெயிலில் வௌவால்கள் தங்களுக்குத் தாங்களே விசிறிக்கொள்ளும் சத்தம் அது.

எங்கள் ஊர் ஆற்றுப் படுகையில் அய்யனார் கோயிலைச் சுற்றி ஏழெட்டு மருதமரங்கள் நிற்கின்றன. பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் அவற்றில் தலைகீழாகத் தொங்கும். வெயில் ஏற ஏற உச்சிக் கிளைகளை விட்டு நிழலுள்ள கிளைகளுக்கு இறங்கும். எச்சிலால் மார்பை நனைத்துக்கொண்டு அந்த ஈரத்தின்மேல் இறக்கையை அசைக்கும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக ஆற்றின்மேல் தாழப் பறந்து, வயிறு நனையத் தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே போகும். நனைந்த மயிரை நக்கித்தான் அவை தண்ணீர் குடிக்கின்றன. அந்த நேரத்தில் வானமும் ஆறும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். வௌவால் எதில் பறக்கிறது, எதிலிருந்து எழுகிறது என்று சொல்ல முடியாது. கரையில் நிற்கும் எனக்கு என் உடம்பின் பாரமே மறந்துபோகும்.

அவற்றுக்காக எங்கள் ஊரில் வெடி கிடையாது. தீபாவளிக்கு மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும்தான். அதுகூடப் பெரிதில்லை. எங்கள் பக்கத்தில் சாவுக்கு வெடி போடாமல் பாடை நகராது. எங்கள் ஊரிலோ சுடுகாட்டுக்குப் போகும் வழி படுகையில்தான் இருக்கிறது. அதனால் சாவுக்கும் வெடி இல்லை. கோயிலுக்கு முன்பே மேளமும் நின்றுவிடும். மரங்களைத் தாண்டும்வரை காலடிச் சத்தத்தோடு மட்டும் பாடை போகும்.

நான் கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். வௌவாலின் உடம்பில் வைரஸ் குடியிருக்கும், ஆனால் வௌவால் நோயில் விழாது என்று பாடம் சொல்வேன். அது வைரஸை அடியோடு அழிக்கப் பார்ப்பதில்லை. அடக்கி வைத்துக்கொண்டு கூடவே வாழ்கிறது. எப்படி என்று மாணவர்கள் கேட்டால் வாய்க்காலைக் காட்டுவேன். வாய்க்காலில் தண்ணீர் போகும்வரை மேல்வயல்காரனும் கடைமடைக்காரனும் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் குறைந்தால் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். பசி, தாகம், பயம், இருப்பிடம் இழப்பது, இவையெல்லாம் சேர்ந்தால் வௌவாலின் உடம்பிலும் அந்த உடன்பாடு குலைந்துபோகலாம். அப்போது எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸ் அதிகமாக வெளியே வரும். ஆகவே வௌவாலை விரட்டுவது ஆபத்தைக் கூட்டுவது. இதைப் பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

கேரளத்தில் வௌவாலிலிருந்து நிபா காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்த ஒரு சித்திரையில் ஊர் பயந்துபோனது. மரங்களில் வெடி போட்டு விரட்டிவிடலாம் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். சென்னையில் இருக்கும் என் மகளும் அந்த வாரம்தான் போன் செய்தாள். இரண்டு வருடமாக அவள் வரவில்லை. பேரனுக்கு நான்கு வயது.

"அந்த வௌவாலுங்க அங்க இருக்குற வரைக்கும் புள்ளையக் கூட்டிக்கிட்டு வரமாட்டேன்ப்பா" என்றாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கு விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. நான் பேசப் பேச அவள் வராமல் இருக்க இன்னொரு காரணம் கண்டுபிடிப்பாளோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்கதான் இதப் படிச்சவங்க. நீங்க சொன்னா சரி."

நான் வாயைத் திறப்பதற்குள் கோயில் வாசலைப் பெருக்கும் அம்மாள் எழுந்து நின்றார். நடவு வேலைக்குப் போகிறவர். முந்தைய வருடம் அவருடைய ஒரே மகன் பைக் விபத்தில் போய்விட்டான்.

"எம் புள்ளையத் தூக்கிட்டுப் போனப்ப ஒரு வெடி வெடிக்கல சார். அனாதப் பொணமாட்டம் போகுதேன்னு என் தம்பி அழுதான். அதுங்க மெரண்டா குட்டி விழுந்துருமேன்னு நான்தான் வேணாம்னேன். இப்ப வெடிக்கலாமா? நீங்க சொல்லுங்க."

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பேசினேன்.

"பொதுவா, நோய் பரவுற நேரத்துல இதுங்க பக்கத்துல இல்லாம இருக்குறது நல்லதுதான்."

அது பொய் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

வலங்கைமானிலிருந்து வெடி வந்தது. மூன்று நாள், வௌவால்கள் தூங்கும் பகல் நேரத்தில் வெடித்தார்கள். நான் வீட்டுக்குள் படுத்திருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தபோது உச்சி வெயிலில் வானம் முழுக்க அவை சுற்றிக்கொண்டிருந்தன. பகல் வெளிச்சத்தில் இறக்கையின் தோல் வழியே எலும்பு தெரிந்தது. கெட்ட கனவில்தான் அப்படிப் பார்க்க முடியும். கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. அந்த மணலை நோக்கியும் சில தாழப் பறந்துவிட்டு மேலே போயின.

மூன்றாம் நாள் படுகைக்குப் போனேன். தாயின் மார்பிலிருந்து நழுவிய குட்டிகள் மரத்தடியில் கிடந்தன. இறக்கையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல இருந்தன. அந்த அம்மாள் அவற்றை முறத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். வெறுங்கையால் தொடாதீர்கள் என்றேன். அந்த வாரம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் ஒரு தேக்கிலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

மகள் வந்தாள். மருதமரங்கள் காலியாக நின்றன. ஆனால் சிதறிப்போன வௌவால்கள் பசியோடு ஊருக்குள் கொல்லை கொல்லையாக இறங்கியிருந்தன. அதுவரை என் வீட்டுக் கொய்யாமரத்துக்கு அவை வந்ததே இல்லை. இரண்டாம் நாள் காலை பேரன் கையில் ஒரு கொய்யாவோடு வந்தான். அதில் பல் பதிந்திருந்தது. அவன் பல்லா, வேறு பல்லா என்று பார்த்தேன். இரண்டும் இருந்தன.

அதைப் பார்த்த மகள் அன்றே கிளம்பிவிட்டாள். அதன்பின் மூன்று வாரம் தினமும் காலையில் போன் செய்து, பிள்ளைக்கு உடம்பு சுடுகிறதா என்று கேட்டேன். காய்ச்சல் எதுவும் வரவில்லை. மூன்றாவது வாரம், "ஏம்பா, நீங்களே பயப்படுறீங்களா?" என்று கேட்டாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

மறு வருடம் ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு கொஞ்சம் வௌவால்கள் திரும்பி வந்தன. பழைய கூட்டத்தில் கால்பங்குகூட இருக்காது. ஒரு சாயங்காலம் கோயில் வாசலில் அந்த அம்மாள் மட்டும் இருந்தார். துடைப்பத்தைத் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். விரட்டக்கூடாது என்று எனக்கு அன்றே தெரியும், தெரிந்துதான் சொன்னேன், மகள் வரவேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அன்னைக்கு என் மூஞ்சிய நீங்க பாக்கவே இல்லியே."

கொஞ்ச நேரம் பெருக்கினார். பிறகு நிமிராமலே சொன்னார்:

"நான் போனா எனக்கு வெடி வேணாம்னு தம்பிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் ஒங்க வீட்டுல சொல்லி வைங்க. சாவுக்கு வெளியூர்லேந்து வர்றவங்களுக்கு இந்த ஊரு வழக்கம் தெரியாது."

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தேன். முதலில் கொய்யாவின் கதையைச் சொன்னேன், நான் பொய் சொன்னதிலிருந்து. பிறகு, நான் போகும்போது வெடி வேண்டாம், கோயிலுக்கு முன்பே மேளத்தை நிறுத்திவிடு என்றேன். "அதுக்காகவாவது நான் வந்துதானே ஆகணும்" என்றாள். கோபமா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை.

இப்போதும் சாயங்காலங்களில் கரைக்குப் போகிறேன். வௌவால்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் தொட்டு எழுகின்றன. என் பாடையை இந்த வழியாகத் தூக்கிப் போகும்போது அவை விழிக்காமல் தூங்கவேண்டும்.